நான் வைத்த மஞ்சள் புள்ளி

அந்தச் சத்தம் முதலில் என் காதில்தான் விழுந்தது. படப்பை கடைத்தெருவில் வேகத்தடையைத் தாண்டும்போது ஜீப்பின் பின்சக்கரப் பக்கம் ‘டக்’ என்று ஒன்று. ஓட்டிக்கொண்டிருந்த கணவருக்குக் கேட்கவில்லை, பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் இருந்த ஒன்பது வயது மகளுக்கும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் அது என்னவென்று தெரிந்தது. தெரிந்தும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வல்லம் வடகாலில் ஷாக் அப்சார்பர் செய்யும் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, ஹாஸ்டலில் தங்கி, லைனில் நின்று, இப்போது டெஸ்டிங்கில் வேலை. ஒவ்வொரு ஷாக்கையும் மெஷினில் மாட்டி ஆட்டிப் பார்ப்பேன். சரியாக இருந்தால் அதன்மேல் மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு புள்ளி வைப்பேன். புள்ளி வைத்த பொருளை அதற்குப் பிறகு யாரும் அளக்க மாட்டார்கள், எங்கள் கம்பெனியில் அப்படித்தான். நான் புள்ளி வைத்து ஒரு பீஸ்கூடத் திரும்பி வந்ததில்லை என்ற திமிர் எனக்கு உண்டு. சூப்பர்வைசர்கூட அதைச் சொல்லிச் சொல்லியே என்னிடம் OT வாங்கிவிடுவார்.

கணவர் மணிமங்கலத்துக்காரர், ஒரகடத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஆசை யாரை விட்டது? இரண்டாம் கையாக ஒரு பழைய ஜீப் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை வற்றிய ஏரிக்குள் வண்டி விடும் கூட்டம் ஒன்றில் சேர்ந்தார். அங்கே எல்லார் வண்டியும் உயரமாக நிற்க, இவர் வண்டி மட்டும் குட்டையாக நின்றதாம். ஆகவே தூக்க வேண்டும்.

தூக்குவதென்றால் முதலில் பட்டை மாற்ற வேண்டும். வில்மாதிரி வளைந்து அடுக்காக இருக்குமே, அந்த ஸ்பிரிங். அவர் லோடு வண்டிக்குப் போடும் முரட்டுப் பட்டையைக் கேட்டார். முன்னால், சேற்றில் சிக்கினால் இழுக்கும் வின்ச் வரப்போகிறது, மேலே கேரியர் வரப்போகிறது, அவ்வளவு கனத்தையும் தாங்க வேண்டும் என்றார். வின்ச்சும் கேரியரும் அவர் போனில் படமாகத்தான் இருந்தன. இன்றைக்கு வண்டியில் என்ன கனம் இருக்கிறதோ அதற்குத்தான் ஸ்பிரிங் எடுக்க வேண்டும், நாளைக்கு வரப்போகும் கனத்துக்கு எடுத்தால் வண்டி கட்டை வண்டியாகக் குதிக்கும் என்றேன். இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் நான்தான் ஜெயித்தேன். மெத்தென்று வளையும், அதிக வளைவு உள்ள பட்டை வந்தது.

அப்படிப்பட்ட பட்டை சக்கரத்தைப் பள்ளத்தில் நிறைய இறங்கவிடும். அந்த அளவுக்கு ஷாக்கும் நீள வேண்டும். நீளவில்லையென்றால், ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரத்தின் மொத்தக் கனமும் ஷாக்கைப் பிடித்து இழுக்கும். இது எங்கள் லைனில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுக்கும் பாடம்.

மெக்கானிக் இரண்டு செட் ஷாக் கொடுத்தனுப்பினார். சாப்பாட்டு நேரத்தில் மெஷினில் போட்டுப் பார்த்தேன். நீளமான செட்டில் ஆட்டத்தை அடக்கும் பிடிமானமே இல்லை. பழைய அளவில் இருந்த செட்டுக்குத் திரையில் வந்த வளைகோடு அவ்வளவு அழகு. கை தன்னால் பேனாவை எடுத்தது. நான்கு ஷாக், நான்கு புள்ளி. எங்கள் மெஷின் ஷாக்கின் நடுப்பகுதியைத்தான் ஆட்டிப் பார்க்கும், கடைசி வரை இழுக்காது. நீளம் போதுமா என்பதை வண்டியில் மாட்டி, சக்கரத்தைத் தொங்கவிட்டுத்தான் பார்க்க வேண்டும். சனிக்கிழமை மாட்டும்போது கூட நின்று பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சனிக்கிழமை OT வந்தது. மெக்கானிக் புள்ளியைப் பார்த்தார், மாட்டிவிட்டார்.

கடைத்தெருவில் கேட்டது, ஷாக் கடைசி வரை நீண்டு இடிக்கும் சத்தம். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் என் புள்ளியை நானே அழிக்க வேண்டும். பட்டைக்காக இரண்டு நாள் சண்டை போட்டவளுக்கு மூக்கு உடைபட மனம் வரவில்லை. அடுத்த மாதச் சம்பளத்தில் வேறு வாங்கி, காரணம் சொல்லாமல் மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நான்கு ஞாயிறு போனது. ஜீப் தெருமுனையில் திரும்பும்போதே எனக்கு அந்த ‘டக்’ கேட்கும். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் பலமாகக் கேட்டது. ஒருநாள் துணி காயப்போடும் சாக்கில் குனிந்து பார்த்தேன். பின்பக்க ஷாக்கின் கீழ்க்காதில், அதை அச்சோடு மாட்டும் வளையத்தில், ரப்பர் பிய்ந்து ஒருபக்கம் பிதுங்கியிருந்தது. நிமிர்ந்து மீதித் துணியைக் காயப்போட்டேன்.

ஐந்தாவது ஞாயிறு, தானும் ஏரிக்கு வருவேன் என்று மகள் அடம்பிடித்தாள். பிதுங்கிய அந்த ரப்பர் நினைவுக்கு வந்தது. ஆனாலும் அவளுக்குத் தலை சீவி, தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்து அனுப்பினேன்.

பதினோரு மணிக்குப் போன் வந்தது. கரையிலிருந்து இறங்கும்போது ஷாக்கின் கீழ்க்காது அறுந்து, தொங்கிய ஷாக் பிரேக் ஆயில் போகும் ஹோஸைப் பிய்த்திருக்கிறது. பிரேக் பிடிக்காமல் பெடல் தரை வரை போய், வண்டி வாய்க்காலில் சாய்ந்துவிட்டது. ஷேர் ஆட்டோவில் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் செத்துப் பிழைத்தேன். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. பாப்பாவுக்குக் காறை எலும்பு முறிந்திருந்தது. வரண்டாவில் மெக்கானிக்கிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஷாக்ல ஒரு தப்பும் இல்ல. எங்க வூட்ல செக் பண்ணி புள்ளி வெச்சது. நான்தான் கேர்லெஸ்ஸா எறக்கிட்டேன்.”

நான் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனேன்.

மூன்று வாரம் கழித்து ஜீப் வீட்டு வாசலுக்கு வந்தது. மீதி மூன்றும் நன்றாக இருக்கின்றன, ஒன்று மட்டும் அதே அளவில் வாங்கி வருகிறேன், நீ பார்த்துக் கொடு என்றார். நான் தின்னரில் துணியை நனைத்து, வண்டிக்கடியில் கையை விட்டு, மூன்று புள்ளிகளையும் அழித்தேன். அவர் பக்கத்தில் வந்து குந்தினார்.

“இன்னாத்துக்கு அழிக்கிற?”

“நான் நீளம் பாக்கலங்க.”

அவர் என் கையிலிருந்த துணியை வாங்கி ஓரமாக வைத்தார். உள்ளே பாப்பா கட்டுப் போட்ட தோளோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாப்பா வண்டில ஏறும்போதே உனக்குத் தெரியுமா?”

தெரியும் என்றேன். அவர் திட்டவில்லை, கை ஓங்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். ஜீப்பை அந்த மாதமே விற்றோம். வீட்டில் எல்லாம் முன்போலத்தான் நடக்கிறது. ஆனால் நான் அணைத்த கேஸ் அடுப்பை, அவர் ஒருமுறை போய்த் திருகிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார்.