மூன்றரைக்கே வந்துவிட்ட சனமும் ஜப்பான் ராக்கும்

வின்டர்தூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் பழைய இரும்பு வார்ப்பு ஆலை ஒன்று இசை மண்டபமாக மாறி நிற்கிறது. அங்கே எந்த விளக்குக்கு எந்தச் சுவிட்ச் என்று முழுதாகத் தெரிந்த ஆள் ஒருவர்தான். அவர் சச்சிதானந்தன். கரவெட்டியில் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். எண்பத்தேழில் சுவிசுக்கு வந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, உருக்கு உலையில் வெந்து, தன் கையாலேயே மேலே வந்து, இந்த மண்டபத்தின் பராமரிப்பாளராகி இருபத்திரண்டு வருடம். வின்டர்தூரில் எல்லாரும் அவரை, பராமரிப்பாளருக்கான ஜெர்மன் சொல்லால், ஹவுஸ்வார்ட் என்பார்கள். சாவிக்கொத்து இடுப்பில் குலுங்க அவர் நடப்பதைப் பார்த்தால் மண்டபத்தைக் கட்டியவரே அவர்தான் என்று தோன்றும். அப்படித் தோன்றுவதில் அவருக்கும் ஆட்சேபம் இல்லை.

ஜப்பான்காரரின் ராக் இசையில் அவர் விழுந்தது பாட்டைக் கேட்டு அல்ல. ஒருமுறை அந்த நாட்டுக் குழு ஒன்று நிகழ்ச்சி முடிந்ததும் மேடையைத் தாங்களே கூட்டி, துவாய்களை மடித்து, வெறும் போத்தல்களைப் பெட்டியில் அடுக்கிவிட்டுப் போனது. எத்தனையோ நாட்டுக் கலைஞர்களின் குப்பையை அள்ளிய கை அவருடையது. இப்படி மேடையை விட்டுப் போகிறவர்கள் மேடையில் என்னதான் செய்கிறார்கள் பார்ப்போம் என்று கேட்கத் தொடங்கியவர், பதினைந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நிலம் கழுவும் மெசினைத் தள்ளும்போது காதில் அதுதான் ஓடும். மொழியில் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் எந்தக் குழு எழும்பும், எது படுத்துவிடும் என்று மூன்றாவது பாட்டிலேயே சொல்லிவிடுவார். படித்தவர்கள் சொல்லித் தவறியதுண்டு, அவர் சொல்லித் தவறியதில்லை.

மண்டபத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் எலேனா. மன்னார்க்காரரின் மகள், சுவிசின் பாடன் நகரில் பிறந்து வளர்ந்தவள். 'அமேநோ கோபா' என்று செண்டாய் நகரத்துப் புதுக்குழு ஒன்றைக் கூப்பிடச் சொல்லி ஒரு வருடமாக அவர் அவளை விடவில்லை. கடைசியில் நவம்பர் ஞாயிறு ஒன்றின் மாலை ஐந்து மணியைக் கொடுத்தாள். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தாள்.

"அங்கிள், நூறு பேர் வராட்டி, இனி நீங்கள் சொல்லுற குழு ஒண்டும் இஞ்ச வராது. பிறகு கோவிக்கக்கூடாது."

"கதிரை காணாது எண்டு நீ என்னட்ட ஓடி வருவாய், பார்."

ஒரு கிழமைக்கு முன் பார்த்தால் முப்பத்தொரு பேர்தான் பதிந்திருந்தார்கள். அவர் கலங்கவில்லை. வின்டர்தூரிலும் ஷாஃப்ஹவுசனிலும் அவர் போய் நிற்காத கலியாணம் இல்லை, சாமத்தியவீடு இல்லை. தான் போன வீடுகளுக்கெல்லாம் போன் எடுத்து, இது என்னுடைய வீட்டு விசேஷம், வராமல் விடக்கூடாது என்றார். தமிழில் ஒரு அழைப்பும் அடித்து வாட்சப்பில் அனுப்பினார். அதில் நேரம் மூன்றரை என்று போட்டார். நம்முடைய சனத்தின் நேரம் அவருக்குத் தெரியாததா? மூன்றரை என்றால் ஐந்துக்கு வந்து இறங்கும். எலேனாவிடம் இதைச் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு மூன்று இருபதுக்கு அவர் கதவுக் கண்ணாடியால் எட்டிப் பார்த்தார். வெளியே மழைத் தூறலில் நூறு பேருக்குமேல் நின்றார்கள். சேலை, கோட்டு, தள்ளுவண்டியில் குழந்தைகள். முன்னால் நின்றவர் அவருடைய பழைய அறைத்தோழர் நோபேட்.

"என்னடாப்பா, இண்டைக்கு மட்டும் நேரத்துக்கு வந்து நிக்கிறியள்?" என்றார் சச்சி.

"உம்மட வீட்டு விசேஷம் எண்டால் அஞ்சரைக்குத்தான் வந்திருப்பம். இது ஜப்பான்காரன். ஒரு நிமிசம் பிந்தினாலும் துவங்கிப்போடுவான் எண்டு சனம் பயந்து ஓடி வந்திருக்கு."

உள்ளே குழுவினர் வாத்தியங்களைச் சரிபார்த்து முடித்துச் சாப்பிடப் போயிருந்தார்கள். விசயம் தெரிந்ததும் எலேனாவின் முகம் சிவந்தது. ஒன்றரை மணித்தியாலம் இந்தச் சனத்தை என்ன செய்வது, பாதிப் பேர் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள், தலை எண்ணுவது சரியாக ஐந்துக்குத்தான் என்று சொல்லிவிட்டாள். அதில் நியாயம் இருந்தது. சச்சி கதவைத் திறந்துவிட்டு நேரே மேடைக்கு ஏறினார். ஒலிக்காரரிடம் தன் போனைக் கொடுத்து வயரைக் கொழுவச் சொன்னார். மைக்கைப் பிடித்தார்.

இதற்கு அவர் ஆயத்தம் செய்யவில்லை. பதினைந்து வருடம் தனியாகக் கேட்டதே ஆயத்தம்தான். பழையதில் இருந்து தொடங்கினார். முதலில் எக்ஸ் ஜப்பான் குழு. மேளக்காரரைக் கவனியுங்கள், நல்லூர்த் திருவிழாவில் தவிலுக்குத் தனி விட்டதுபோல் இருக்கும் என்று சொல்லிச் சத்தத்தைக் கூட்டினார். கிழவர்கள் தலையாட்டினார்கள். அடுத்தது பம்ப் ஆஃப் சிக்கன். பெயரைக் கேட்டுச் சிரிப்பு எழுந்தது. சச்சி பொறுத்திருந்தார்.

"சிரியுங்கோ. இந்த நாலு பேரும் சின்னப்பிள்ளையளா இருக்கேக்க இருந்து கூட்டாளியள். இண்டைக்கும் ஒண்டாத்தான் வாசிக்கினம். எங்கட சங்கம் ஒண்டாவது மூண்டு வருசம் உடையாமல் இருந்ததோ?"

சங்கத் தலைவராக இருந்தவரே கைதட்டினார்.

ஒன் ஓக் ராக் வந்தபோது பிள்ளைகள் தாங்களாகவே கதிரையை விட்டு எழும்பிவிட்டார்கள். பேண்ட்-மெய்ட் என்ற பெண்கள் குழுவின் படத்தைப் பெரிய திரையில் போட்டார். வீட்டுவேலைக்காரிகளின் உடுப்பில் பெண்கள் கிற்றாரைக் கிழிக்கிறார்கள். நாங்களும் ஏப்ரன் கட்டிக் கோப்பை கழுவினவர்கள்தானே, எங்களுக்கு ஏன் இந்த யோசனை வரவில்லை என்றார். அப்புறம் ஹிட்சுஜிபுங்காக்கு. குரல் மெதுவாகப் போகும், கிற்றார் சுவர் மாதிரி எழும்பும், அவசரப்படாமல் கேளுங்கள் என்றார்.

நாலரைக்குச் சனம் சோரத் தொடங்கியது. ஆறு மணிப் பூசைக்குப் போக வேண்டும் என்று இரண்டு குடும்பம் கோட்டைத் தேடியது. அப்போதுதான் சச்சியின் மனைவி ஞானேஸ்வரி எழுந்தாள். அவளுக்கு இந்த இசை தகரத்தில் கல்மழை பெய்வதுபோலத்தான். ஆனால் அழைத்த சனத்தை வெறும் வயிற்றோடு இருத்தி அவளுக்குப் பழக்கமில்லை. காரில் இருந்து மீன் ரோல்ஸ் தட்டுகள் வந்தன. வெளிச்சாப்பாடு உள்ளே வரக்கூடாது என்பது மண்டபத்தின் சட்டம். அந்தச் சட்டத்தைச் சுவரில் ஒட்டியவரும் சச்சிதான். எலேனா ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்துக்கொண்டு மறுபக்கம் திரும்பினாள். கோட்டைத் தேடிய குடும்பங்கள் இருந்துவிட்டன.

சரியாக ஐந்துக்கு அமேநோ கோபாவின் நாலு பெண்கள் மேடைக்கு வந்தார்கள். ஐரோப்பாவில் அதுவரை அவர்களுக்கு இப்படி ஒரு கூட்டம் கிடைத்ததில்லை என்று பிறகு சொன்னார்களாம். இரண்டாவது பாட்டில் மேளக்காரி தனியாக அடிக்கத் தொடங்கியபோது, முன்வரிசைக் கிழவர்கள் தொடையில் தாளம் பிடித்தார்கள். அவள் அதைக் கண்டுவிட்டு வேகத்தைக் கூட்டினாள், இவர்களும் விடவில்லை. பதிந்து வந்த வெள்ளைக்கார இளசுகள் மேடையைப் பார்ப்பதா கிழவர்களைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றார்கள். சச்சி ஒலிமேசைக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார். வியப்பாக ஒன்றும் இல்லை அவருக்கு. நடக்க வேண்டியதுதான் நடந்தது.

எலேனா வாசலில் எண்ணியது நூற்று நாற்பத்தாறு. சனம் கலைந்ததும் அவள் போனில் நாட்காட்டியைத் திறந்துகொண்டு அவரிடம் வந்தாள்.

"ஏப்ரலுக்கு ஆரைக் கூப்பிடுவம், அங்கிள்?"

"ஏப்ரலுக்கு மட்டுமோ, செப்டெம்பருக்கும் சேர்த்துச் சொல்லவோ?" என்று கேட்டுவிட்டு, அவள் உட்கார ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.