சாய்ந்து உட்கார ஒரு சேர்

மண்ணரையில் சட்டை தைக்கும் ஒரு பனியன் கம்பெனிக்கு வெப்சைட்டும் ஆன்லைன் விளம்பரமும் செய்து கொடுத்தேன். எல்லோரும் சட்டையைத்தான் காட்டுகிறார்கள், நாம் தைப்பவர்களின் முகத்தைக் காட்டுவோம் என்று ஓனரிடம் பெருமையாகச் சொன்னேன். படம் எடுத்த அன்று டெய்லர்களின் பழைய ஸ்டூல்கள் அசிங்கமாகத் தெரிந்தன. ஆபீஸ் ரூமிலிருந்த சேர்களைக் கொண்டுவந்து அவர்களை உட்கார வைத்தேன்.

விளம்பரத்தில் என் நம்பர்தான் இருந்தது. சட்டை கேட்டு ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. வந்த போனெல்லாம் வேலை கேட்டுத்தான். எரிச்சல் தாங்காமல் ஒரு பெண்ணிடம், "இது சட்டை விக்கிற விளம்பரமுங்க!" என்று கத்தியேவிட்டேன்.

"கோவிச்சுக்காதீங்க. படத்துல எல்லாரும் சாஞ்சு உக்கார்ற சேர்ல தைக்கிறாங்க. எனக்கு முதுகுவலிங்க. நெசமாலுமே அங்க அந்தச் சேர்தானுங்களா?"

லேப்டாப்பில் அந்தப் படத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "செரிங்க" என்று அவரே போனை வைத்துவிட்டார்.

ஓனரிடம் போய், டெய்லர்களுக்கு அந்த மாதிரி சேர் வாங்கிப் போடச் சொன்னேன். அவர் சிரித்தார். "அதுக்கு எதுக்குங்க சேரு? படத்தை மாத்தீருங்க."

மாற்றிக் கொடுத்தேன். அதுதானே என் வேலை! முகம் மட்டும் தெரியும்படி எல்லாப் படங்களையும் வெட்டிவிட்டேன். எதில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள் என்று இனி யாராலும் கேட்க முடியாது.