கண் டாக்டர் வீட்டுக் கண்

லேத் பட்டறையில் அவருக்குக் கண் டாக்டர் என்று பெயர். யார் கண்ணில் இரும்புத்தூள் விழுந்தாலும் நேரே அவரிடம்தான் ஓடி வருவார்கள். இமையைப் புரட்டி, கைக்குட்டை நுனியை முறுக்கி, லேசாக ஒற்றி எடுத்துவிடுவார். "ஃபீஸ் ஒரு டீ" என்பார். அந்தப் பெயரில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. படித்துப் பட்டம் வாங்கியவர்களுக்குக்கூட அவ்வளவு இருக்காது.

ஒருநாள் துவைப்பதற்காக அவர் சட்டையை உதறிய மனைவியின் கண்ணில் தூள் விழுந்தது. டாக்டர்தான் வீட்டிலேயே இருக்கிறாரே! எடுத்தார். கண் சிவந்திருந்ததால், மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தபோது கொடுத்து மிச்சமிருந்த சொட்டு மருந்தையும் விட்டார். மறுநாளே சிவப்பு வடிந்துவிட்டது. "பாத்தியா, எப்படி!" என்று மீசையை முறுக்கிக்கொண்டு, அந்தச் சொட்டு மருந்தையே தினமும் ஊற்றிவந்தார். உள்ளே கிருமி வளர்ந்துகொண்டிருந்தது. பாவி மனுஷனுக்கு அது எங்கே தெரியும்?

வாரக் கடைசியில் வலி தாளாமல் அவள் சுருண்டு படுத்துவிட்டாள். கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா புண்ணிலிருந்து துளி சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். மருந்து பாட்டிலைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இது ஸ்டீராய்டு. சிவப்பை அடக்கிடும், கிருமிக்குக் கொண்டாட்டமாயிடும். யார் இதை விட்டது?"

பட்டறைக் கண் டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நானேதான் விட்டுக்கிட்டேன் டாக்டர்" என்றாள் அவள். "இவரு வேணாம்னுதான் சொன்னாரு."

அன்றிலிருந்து மணிக்கொரு தரம், ராத்திரியிலும் அலாரம் வைத்து எழுந்து, கிருமிக்கான மருந்தை அவர்தான் விட்டார். "நான் உண்மையைச் சொல்லியிருக்கணும்" என்று ஒருநாள் மருந்து விடும்போதே அழுதுவிட்டார்.

"சும்மா இருங்க. மருந்தைக் கன்னத்துல ஊத்துறீங்க பாருங்க" என்று அவள் சிரித்தாள்.

புண் ஆறியது. ஆனால் தழும்பு வெள்ளையாக நின்றுவிட்டது. "பார்வை எவ்வளவு இருக்குன்னு பாப்போம். தேறலைன்னா வேற கருவிழி வைக்கணும், அது கிடைக்கிற வரைக்கும் காத்திருக்கணும்" என்று சொல்லி, டாக்டரம்மா அவளுடைய நல்ல கண்ணை மூடினார். எதிர் நாற்காலியில் இருந்த கணவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. சத்தமில்லாமல் எழுந்துவிட்டார்.

"என்னம்மா தெரியுது?"

அவள் நாற்காலிப் பக்கம் பார்த்து முகம் மலர்ந்தாள். "இவரு மூஞ்சி நல்லாவே தெரியுது டாக்டர். ஏங்க, இப்படி இளைச்சுப் போயிட்டீங்க?"

அவர் அவளுக்குப் பின்னால், கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.