குழாயக்கா பழி தீர்த்த கதை

எங்கள் மருத்துவமனை நர்சுக்குக் குழாயக்கா என்று பெயர் வைத்தது நான்தான். கருவைக் கலைக்க வரும் பெண்ணோடு தாய், மாமியார், புருஷன் என்று யார் வந்திருந்தாலும் எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துவாள். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு கை கழுவும் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: "உனக்கு என்ன வேணும்?" முகத்தைப் பார்த்துக் கேட்டால் வீட்டில் சொல்லிக்கொடுத்த பதில்தான் வரும் என்பாள். கலைக்கணும் என்பவளை டாக்டரிடம் கூட்டிப் போவாள். பெத்துக்கணும் என்பவளுக்காக வெளியே இருக்கும் கூட்டத்தோடு மல்லுக்கு நிற்பாள்.

நான் மருந்து கொடுக்கும் ஜன்னலில் உட்காருகிறவள். என் வாய் சும்மா இருக்காது. அதுவும் ஒரு உயிர்தானே, உறுத்தவில்லையா என்று ஆரம்பத்தில் அவளிடம் கேட்டிருக்கிறேன்.

"உயிர்தான். இல்லைன்னு சொல்லி நான் தப்பிச்சுக்க மாட்டேன். ஆனா அது வளர ஒருத்தியோட ரத்தமும் எலும்பும் வேணும். குடுத்தே ஆகணும்னு அவளை மிரட்ட யாருக்கும் உரிமை கிடையாது. குடுக்காதேன்னு தடுக்கவும் கிடையாது," என்றாள்.

இந்தத் தெளிவு, தங்கையைப் பறிகொடுத்து அவள் வாங்கியது. தங்கைக்கு இதயத்தில் கோளாறு. உண்டாகியிருந்தபோது, பிரசவத்தை உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கலைத்துவிடலாம் என்று தங்கையே கேட்டாள். புருஷன் சம்மதிக்காமல் தொட மாட்டோம் என்றார்கள். அவனோ, கொலைப் பாவத்துக்கு என் குடும்பத்தில் இடமில்லை என்று நாலு பேர் முன்னால் முழங்கிவிட்டு அவளை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான். பிரசவத்தில் தாயும் பிள்ளையும் சேர்ந்தே போய்விட்டார்கள். வேறு ஊரில் வேலையில் இருந்த அக்காவுக்குச் சேதி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வருஷம் திரும்புவதற்குள் அந்த மகராசன் மறுகல்யாணம் செய்துகொண்டான். அக்கா அவன் வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றவில்லை. பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு நர்ஸ் படிப்பில் சேர்ந்தாள். என்றைக்காவது அவன் தன் முன்னால் வந்து நிற்காமலா போவான் என்று அவள் சொல்லும்போது, அந்தக் கண்ணைப் பார்க்க எனக்கே பயமாக இருக்கும்.

வந்தான். பல வருஷம் கழித்து, இரண்டாம் தாரத்து மகளோடு வந்தான். கல்யாணமாகாத பெண், தையல் கம்பெனியில் வேலை. சொந்த ஊரில் தெரியக்கூடாதென்று தூரத்து மருத்துவமனையைத் தேடியவனுக்கு, இங்கே அக்கா இருப்பது தெரியாது. பேயறைந்த மாதிரி நின்றவன் சமாளித்துக்கொண்டு, பழசையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாமல் காதும் காதும் வைத்தாற்போல முடித்துக் கொடுங்கள் அண்ணி என்று குழைந்தான்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அக்காவைத் தனியே இழுத்துப் போய், பாவம் என்று சொன்ன அதே வாய்தானா இது என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேள் என்றேன்.

"கேக்க மாட்டேன். இன்னைக்குப் பாவம்னு சொல்லி அவனை அடிச்சா, அன்னைக்கு அவன் செஞ்சது நியாயம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. அது என் வாயால வராது," என்றாள்.

கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். அப்பா இழுத்து வந்தார், வந்தேன், என்னை யோசிக்கவே விடவில்லை என்று அந்தப் பெண் அழுதாளாம். அக்கா வெளியே வந்து, இன்றைக்கு எதுவும் நடக்காது என்றாள். அவன் தாம்தூம் என்று குதித்தான். மகள் அவனோடு போக மறுத்துத் தோழியின் அறைக்குப் போய்விட்டாள். அவன் தொங்கிய தலையோடு படியிறங்குவதைப் பார்த்து அக்கா சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் நான் பார்த்ததே இல்லை. எனக்கும் வயிறு குளிர்ந்தது.

அடுத்த வாரம் அந்தப் பெண் தனியாக வந்தாள். நன்றாக யோசித்துவிட்டேன், கலைத்துவிடுங்கள் என்றாள். மருந்துத் தட்டோடு உள்ளே போன நான் அக்காவைப் பார்த்தேன். குழாயை மூட மறந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் மனசில் ஓடியது எனக்குத் தெரியும். இதைச் செய்தால் அவன் நினைத்தது நடந்துவிடும். பெற்றுக்கொள்ளேன் என்று கொஞ்சம் கனிவாகப் பேசினால் போதும், பெண் மனம் மாறிவிடுவாள். அவன் ஊரில் தலைநிமிர முடியாது. ஆனால் அப்படிப் பேசிவிட்டால் அவனுக்கும் அக்காவுக்கும் என்ன வித்தியாசம்?

குழாயை இறுக்கி மூடிவிட்டு, டாக்டரைப் பார்க்கலாம் வா என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் முடிந்த பிறகு, அப்பாவுக்கு எதுவும் தெரியக்கூடாது என்று மட்டும் அந்தப் பெண் கேட்டுக்கொண்டாள். அப்புறம் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள்.

கடைசியில் அவன் கேட்டதே அவனுக்குக் கிடைத்துவிட்டதே என்று நான் பொரிந்து தள்ளினேன்.

"கிடைச்சுதுன்னு அவனுக்குத் தெரியணுமே," என்றாள் அக்கா.

மறு வருஷம் அவன் திரும்பி வந்தான். பாதி ஆளாக இளைத்திருந்தான். மகள் போனை எடுப்பதில்லை, இருக்கும் இடமும் தெரியவில்லை. பேரப்பிள்ளை எங்காவது வளர்கிறதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள் என்று என் ஜன்னல் பக்கத்தில் அக்காவை மறித்துக் கெஞ்சினான். அது உங்கள் மகளின் விஷயம், அவள்தான் சொல்ல வேண்டும் என்றாள் அக்கா. எங்கள் மருத்துவமனை விதியும் அதுதான், அந்தப் பெண்ணின் ஆசையும் அதுதான்.

அவன் நகரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"உங்க தங்கச்சி கடைசியா என்ன சொன்னான்னு எத்தனையோ தடவை ஆள் விட்டுக் கேட்டீங்க. நான் சொல்லல. இப்ப சொல்றேன். அக்காவைக் கூப்பிடுங்க, அவ வந்தா என்னைக் கூட்டிட்டுப் போயிடுவான்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நான்தான் கூப்பிடல."

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நான் சொல்லிட்டேன் அண்ணி. இப்ப நீங்க சொல்லுங்க. குழந்தை இருக்கா, இல்லையா?"

"எனக்குத் தெரியும்," என்றாள் அக்கா. பெஞ்சில் காத்திருந்த அடுத்த பெண்ணை உள்ளே வரச் சொன்னாள்.