பரீட்சைக்கு வைத்த பல்

பல் மருத்துவம் படிக்கும் மகளின் வெள்ளைக் கோட்டைத் துவைக்க எடுத்தேன். கிராம்பு எண்ணெய் வாடை. தொண்ணூறுகளில், லிங்கராஜபுரம் வீட்டில், அம்மாவின் வாயில் ஓயாமல் அடித்த வாடை.

அரசுப் பல் மருத்துவக் கல்லூரி ஒன்று எங்கள் தெருவில் இலவச முகாம் போட்டது. அம்மாவின் சொத்தைப் பல்லைப் பார்த்ததும் ஒரு மாணவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"எக்ஸாமுல அடைச்சுக் காட்ட இது நல்ல கேஸும்மா. அதுவரைக்கும் வேற எங்கயும் அடைச்சுக்காதீங்க."

"படிக்கிற புள்ள கேக்குது" என்று அம்மா கிராம்பைக் கடித்துக்கொண்டு, ஒரு பக்கமாகவே மென்று, மாதக்கணக்கில் காத்திருந்தாள்.

பரீட்சை நாளில், கல்லூரியில், தேர்வாளர் அம்மாவின் வாயை எட்டிப் பார்த்தார். "ரொம்ப ஆழமாப் போயிடுச்சு. வேற பேஷண்ட் கொண்டு வா." மாணவர் அம்மாவை நாற்காலியிலேயே விட்டுவிட்டு ஓடினார். நர்ஸ் வந்து, "பல்லு புடுங்கறது கீழே, லைன்ல நில்லுங்க" என்றாள். வலிக்கிறதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. முகாம் பேனரில் மட்டும் சமூக சேவை என்று கொட்டை எழுத்து. யார், யாருக்குச் செய்த சேவை அது?

கோட்டை நனைக்கும்போது மகள் வந்தாள். "மம்மி, எக்ஸாமுக்கு சூப்பர் கேஸ் ஒண்ணு கெடச்சிடுச்சு."

"அவங்க பேரென்ன?"

"கீழ வலது பக்கம், ஆறாவது பல்லு."

"பேரைக் கேட்டேன்."

அவள் பையைத் திறந்து கேஸ் ஷீட்டில் பேரைத் தேடினாள்.

"நாளைக்கே அவங்களுக்கு அதை அடைச்சு விடு" என்றேன். "பரீட்சைக்குச் சொத்தையை என் வாயில தேடு."