எதிர் வீட்டு டிவிக்கு நம்ம வெயிலா?

சோலார் தகடு மாட்டுகிற தொழிலில் வெயிலை நம்பலாம், வீட்டுக்காரர்களைத்தான் நம்ப முடியாது. ஏணி தூக்கிப் பிழைக்கும் உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

பாயின் நிபந்தனை

சென்னையில் ஆறு வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு, பிள்ளைகளோடு இருக்கலாமென்று சொந்த ஊர் கச்சிராயபாளையத்துக்கே திரும்பி வந்தேன். பக்கத்துக் கள்ளக்குறிச்சி டவுனில் ஒரே தெருவில் நாலு வீட்டில் சோலார் கேட்டார்கள். ஆனால் மூன்று பேர், துணிக்கடை பஷீர் பாய் முதலில் போட்டுப் பார்த்துச் சொல்லட்டும் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அந்தத் தெரு கைவிட்டால் நான் மறுபடி சென்னைக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். நிலக்கரிப் புகை குறையும், பூமிக்கு நல்லது என்று பாயிடம் மூச்சுவிடாமல் பேசினேன். கடைசியில் ஒத்துக்கொண்டார்: "பூமி கெடக்கட்டும் தம்பி. கரண்டு வர்லன்னா நீயே ஏறி அவுத்துக்கினு போயிடணும், ஆமா!"

கட்டிலுக்குக் காற்று

மாட்டிய மறுவாரம் எட்டிப் பார்த்தேன். பட்டப்பகலில் எல்லா விளக்கும் எரிகிறது. ஆளில்லாத அறையில் ஃபேன் கட்டிலுக்கு வீசிக்கொண்டிருக்கிறது. "சும்மா வர்ற கரண்டுதானே" என்றார் பாயின் மனைவி மும்தாஜ் அக்கா.

வேண்டாதபோது அணைத்துவிடுங்கள், மிச்சக் கரண்டு கம்பி வழியாக வெளியே போய் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு உதவும் என்று பொறுமையாக விளக்கினேன். அக்கா எழுந்து போய், சும்மா இருந்த இன்னொரு ஃபேனையும் போட்டார்: "எதிர் வூட்டு டிவிக்கு நம்ம வெயிலா? இன்னா ஞாயங்க இது!"

ஈர வேட்டி

பங்குனி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாள் பாய் போன் செய்தார். கரண்டு பாதிகூட வரவில்லையாம், வந்து அவிழ்த்துக்கொண்டு போகச் சொன்னார். போனால், அந்த மூன்று வீட்டுக்காரர்களும் தெருவில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். இன்வெர்ட்டரைத் திறந்தேன், ஒயரை ஒவ்வொன்றாகத் தடவினேன், ஒரு கோளாறும் இல்லை.

மாடி ஏறிப் பார்த்தால், தகடுகள் மேல் ஈர வேட்டி விரித்து வரிசை வரிசையாகக் கூழ் வத்தல்! வேட்டி வழுக்காமல் இருக்க முனைக்கு ஒரு செங்கல் வேறு. நான் வாயைத் திறப்பதற்குள், பின்னாலேயே ஏறி வந்த அக்கா முந்திக்கொண்டார்: "மாடியப் பூரா நீங்களே புடிச்சிக்கினீங்க. நான் வத்தல எங்க போடுறது?"

தீர்ப்பு

நியாயமான கேள்வி. கோபத்தை முழுங்கிவிட்டு, மிச்சமிருந்த இரும்புச் சட்டத்தை வைத்துக் கைப்பிடிச் சுவரோரம் இடுப்புயரத்துக்கு ஒரு பரண் அடித்தேன். காக்காய் கொத்தாமல் மேலே வலையும் கட்டினேன். வத்தல் அங்கே குடிபோனது, கரண்டு திரும்பி வந்தது. பாய் மீட்டரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். கீழே மூன்று வீடும் அண்ணாந்து நிற்கிறது. எனக்கோ சென்னை பஸ்ஸின் ஹாரன் காதில் கேட்கிறது.

அப்போது அக்கா சுவரில் சாய்ந்து, கீழே நின்ற எதிர் வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டார்: "ஏ சுமதி, நீயும் போட்டுக்க! வத்தலு காய பரணும் அடிச்சிக் குடுக்குறாரு. உன் டிவிக்கு நீயே வெயில் புடிச்சிக்க!"

பூமியின் சூட்டைத் தணிக்கப் புறப்பட்ட எனக்கு அந்தத் தெருவின் நாலு மாடியிலும் இன்று பெயர் 'வத்தல் பரண்காரர்'. சோலார், பரணோடு வரும் இலவச இணைப்பு.