கதவைத் தட்டிப் பார்ப்பவர்

கும்மிடிப்பூண்டியில் பழைய கார் வாங்குபவர்கள் முதலில் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். அவர் ‘ஓகே’ என்றால்தான் வண்டி கைமாறும். அவருடைய வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு கிரீஸ்கூட இருக்காது. வண்டியில் கை பட்டால்தானே கறை படியும்!

நான் வாங்கவிருந்த பழைய எஸ்.யூ.வி.யையும் அவர்தான் பார்த்தார். பார்த்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. மோதிர விரலால் கதவுகளைத் தட்டினார். கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டார். ஹாரனை அமுக்கினார். அவ்வளவுதான்.

“பிரேக் பாக்கலியா?” என்றேன்.

“வண்டி நின்னுகினுதான சார் கீது? பிரேக் இல்லாமயா நிக்குது? குடும்பத்தோட தைரியமா போலாம் சார்.”

அந்த வாக்கை நம்பி வாங்கித் தொலைத்தேன்.

மறுவாரம் குடும்பத்தோடு அந்த வண்டியில் கிளம்பினேன். ஸ்டேஷன் பக்கம் அவர் நின்றிருந்தார். மீஞ்சூருக்குப் போகிறாராம். நாங்களும் அந்த வழிதான், ஏறிக்கொள்ளுங்கள் என்றேன். கதவில் கை வைத்தவர், வண்டியை அடையாளம் கண்டதும் கையை எடுத்துக்கொண்டார்.

“நீங்க போங்க சார், நான் ட்ரெயின்லயே போய்க்கறேன். ஊட்டுல புள்ளைங்க காத்துகினு இருக்கும்.”

பின்சீட்டிலிருந்து என் பிள்ளைகள் அவருக்கு டாட்டா காட்டினார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். அந்தச் சிரிப்பில் துளிக்கூடக் கூச்சம் இல்லாததுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.